உன் கல்யாணப் பத்திரிகையில் விழுந்துபோன வரி

கண்ணு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. போன வாரம் நீயும் கவிதாவும் வந்து இருந்துவிட்டு மெட்ராஸ் திரும்பினீர்களே, அன்றைக்கு ரயில் ஈரோட்டில் நின்றபோது நீ ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, தண்ணீர் பிடிக்கக்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தாய் என்று கவிதா போனில் சொன்னாள். "ஏனுங்கம்மா, இவரை வளத்துன அத்தை அங்கதான இருக்காங்க? அமெரிக்கா போறதுக்கு முன்னாடி ஒரு எட்டுப் போய்ப் பாக்கலாமுங்கன்னா, மூஞ்சியத் திருப்பிக்கிறாருங்க" என்றாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நீ அத்தையைப் பார்க்காமல் விமானம் ஏறப் போவதற்குக் காரணம் நான். உன் கல்யாணத்துக்கு அத்தை வராததற்கும் காரணம் நான்தான். பத்திரிகையில் அவர் பெயர் இருந்த வரி ஃபான்ட் கோளாறில் விழுந்துவிட்டது என்று சொன்னேன், நீ நம்பினாய். அது விழுந்தது கோளாறில்தான். ஆனால் விழுந்ததை அச்சுக்குப் போவதற்கு முன்பே நான் பார்த்தேன். பார்த்தும் அப்படியே விட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "விடுங்கம்மா" என்று சொல்லிவிடுவாய், நான் அத்தோடு தப்பித்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலையில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்கு முழுக்கத் தெரியாது. தற்பெருமைக்குச் சொல்லவில்லை, என் தப்பின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். காந்திபுரத்தில் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கிற கடை போட்ட புதிதில், தமிழ் ஃபான்ட் என்றால் எல்லோருக்கும் தலைவலி. நம் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். ஃப்ளாப்பியில் போட்டு, அச்சடிக்க ஃபிலிம் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த ஃபான்ட் இருக்காது. மெஷின் கையில் கிடைத்த வேறொரு ஃபான்டைப் போட்டுக்கொள்ளும். பீளமேட்டுக்காரர் ஒருவருடைய மோட்டார் பம்பு நோட்டீஸ் அப்படித்தான் பாதி இங்கிலீஷ் எழுத்தும் பாதி கொக்கியும் கோடுமாக வந்து, ஒருத்தரும் பார்க்காமல் அச்சும் ஆகிவிட்டது. அவர் கடைக்கு வந்து, "ஏனுங்கம்மா, இந்த பம்பு தண்ணி எடுக்குமுங்களா, இல்ல பேயோட்டுமுங்களா? மந்திரமாட்டம் எழுதியிருக்குதுங்களே" என்று கேட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் நான் விடவில்லை. யார் யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டேன். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் ஃபைலை மட்டும் கொடுக்காமல், ஃபான்டையும் உள்ளேயே வைத்துக் கட்டி, அச்சு மெஷின் நேராகப் படிக்கிற மாதிரி ஃபைல் செய்துகொண்டு போவேன். அது ஃப்ளாப்பியில் அடங்காவிட்டால் ஃபைலோடு ஃபான்டையும் தனி ஃப்ளாப்பியில் எடுத்துப் போவேன். தலைப்பு எழுத்துகளையெல்லாம் படமாக மாற்றிவிடுவேன், படமாகிவிட்டால் எந்த மெஷினாலும் அதைக் குலைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கடையில் எடுத்த லேசர் பிரிண்டைக் கையோடு கொண்டுபோய், விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் அதை வைத்து, மேலே ஃபிலிமை வைத்து, ஒவ்வொரு வரியும் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்ப்பேன். வரி முடிகிற இடம் சரியாக இருந்தால் ஃபான்ட் சரி. ஃபிலிம் எடுக்கிற செந்தில் "அக்கா வந்துட்டாங்க, இனி ஒரு மணி நேரம் மேசை கெடைக்காது" என்று கிண்டல் செய்வான். ஆக, என் கண்ணுக்குத் தப்பி ஒரு வரி விழ வழியே இல்லை. கல்யாணத்தின்போது இதை நீ யோசித்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பாய். அம்மாவைச் சந்தேகப்பட உனக்குத் தோன்றவில்லை.

இப்போது கொஞ்சம் பழைய கதை. அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு வந்தபோது உனக்கு ஐந்து வயது. நாங்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அப்பா கிடைத்த வேலைக்கெல்லாம் போனார், நான் டைப்பிங் படித்திருந்ததால் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தேன், காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். ஈரோட்டிலிருந்து உன் மாமா வந்தார். அவருக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. "பையன் எங்கூட்டுல இருக்கட்டும், நெலமை சரியானதும் கூட்டிக்கலாம்" என்றார். நிலைமை சரியாவதற்குள் நீ பத்தாவது முடித்துவிட்டாய். இடையில் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமா என்றால், வந்திருக்கலாம். சிரமமாக இருந்திருக்கும், முடியாமல் போயிருக்காது. அங்கே நன்றாகப் படிக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அதில் பாதி உண்மை. மீதி, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைப் பார்க்க வருவேன். வரும்போது பிஸ்கட்டும் பலூனும் வாங்கி வருவேன், நீ அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பாய். அவர்தான் "அம்மா வந்திருக்குது பாரு, போ கண்ணு" என்று உன்னை முன்னால் தள்ளிவிடுவார். ஒருநாள் நீ விளையாடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு "அம்மா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாய். நான் எழுந்து இரண்டு கையையும் நீட்டினேன். நீ என்னைத் தாண்டிப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டாய். அவருக்கு முகம் வெளிறிப் போய்விட்டது, என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுகிற பிள்ளையைப் பிடித்து இழுத்து, "அது அத்தை. அத்தைன்னுதான் கூப்பிடோணும். நாந்தான் அம்மா" என்று முதுகில் ஒன்று வைத்தேன். முட்டியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. உனக்கு அது நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

நீ கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்த பிறகாவது அந்தப் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. நான் அரிசிம்பருப்பு சாதம் செய்து வைத்தால் நீ சாப்பிடுவாய், குறை சொல்ல மாட்டாய். தட்டைக் கழுவும்போது, "அத்தை இதுல பூண்டை நசுக்கிப் போடுமுங்கம்மா" என்பாய். மறுநாள் பூண்டை நசுக்கிப் போடுவேன். "நல்லாருக்குங்க" என்பாய். அந்த "ங்க" எனக்கு வேம்பாய்க் கசக்கும். அத்தையிடம் நீ அப்படிப் பேச மாட்டாய், "என்ன அத்தை, உப்பே இல்ல" என்று உரிமையாகச் சண்டை பிடிப்பாய். என்னிடம் ஒருநாள்கூட நீ உப்பில்லை என்று சொன்னதில்லை. ஒறம்பரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன் மாதிரி சாப்பிடுவாய்.

உன் கல்யாணத்துக்கு முன்பே மாமா போய்விட்டார். நம் சனத்தில் சீர் நடக்கும்போது புருஷன் இல்லாதவர்கள் முன்னால் வந்து நிற்கக் கூடாது, பத்திரிகையில் அவர்கள் பெயரைப் போடுவதும் வழக்கமில்லை. நானும் இந்த வழக்கத்தையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. நீதான் ஒற்றைக் காலில் நின்றாய். அத்தை பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றாய். அவர் "வேண்டாங் கண்ணு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று மறுத்ததற்கு, "அப்பிடின்னா நான் தாலி கட்டறப்ப நீயும் மூலையிலதான் நிப்பியா?" என்று கேட்டு அழவைத்துச் சம்மதிக்க வைத்தாய். அப்புறம் கடைக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழில் டைப் அடிக்கத் தெரியாமல் எழுத்தெழுத்தாகத் தேடி, ஆள்காட்டி விரல்களால் நீயே அடித்தாய்: "என்னை வளர்த்து ஆளாக்கிய அத்தை திருமதி சரஸ்வதி, ஈரோடு." அதைப் பத்திரிகையின் கடைசி வரியாக வைத்தாய். நான் உன் பின்னால்தான் நின்றிருந்தேன். என் பெயரும் அப்பா பெயரும் மேலே இருந்தன, அது எல்லாப் பத்திரிகையிலும் இருப்பதுதான். நீ உட்கார்ந்து தேடித் தேடி அடித்தது அவர் பெயரை. "நல்லாருக்குதுங்களாம்மா?" என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் ஃபிலிம் எடுக்கப் போனேன். ஊராருடைய பத்திரிகைக்கெல்லாம் அவ்வளவு பாடுபடுகிறவள், சொந்த வீட்டு வேலை என்றதும் வெறும் ஃபைலை எடுத்துக்கொண்டு, ஃபான்ட் ஃப்ளாப்பியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்கு மண்டபக்காரர், சமையல்காரர் என்று ஒரே அலைச்சல், செந்திலிடம் அந்த ஃபான்ட் இருக்கிறது என்ற தைரியம். அதை வேண்டுமென்றே செய்தேனா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை, அது மறதிதான். அவனிடம் அதே பெயரில் ஃபான்ட் இருந்தது, ஆனால் பழையது. எழுத்தெல்லாம் அதேதான், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை அகலம் கூட. அது போதும் கண்ணு. வரியில் அடங்காத சொல் அடுத்த வரிக்கு இறங்கும், அது இன்னொன்றைத் தள்ளும், இப்படியே இறங்கி இறங்கிக் கட்டத்துக்குள் இடம் இல்லாமல் கடைசி வரி காணாமல் போய்விடும். ஃபைலில் பத்திரமாக இருக்கும், ஃபிலிமில் இருக்காது.

பழக்கதோஷத்தில் லேசர் பிரிண்டின் மேல் ஃபிலிமை வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன. கீழே பிரிண்டில் அத்தையின் பெயர் தெரிந்தது, அதன்மேல் ஃபிலிமில் வெறும் இடம். செந்தில் எட்டிப் பார்த்தான். "அக்கா, கீழ ஒரு வரி வரலீங்களே. ஃபான்ட் மாறியிருக்குமாட்ட இருக்குது. உங்க ஃப்ளாப்பியக் கொண்டாங்க, இப்பவே மாத்திப்போட்டு எடுத்துரலாம், ரொம்ப நேரம் ஆகாதுங்க" என்றான். கடை பக்கத்துத் தெருவில். நடந்து போய் எடுத்து வந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

நான் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. பத்திரிகை இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது, அம்மா அப்பா பெயர், மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அவ்வளவுதான், மற்றவர்கள் பத்திரிகை மாதிரி. உன்னைப் பெற்றவள் நான்தான் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி. "இருக்கட்டும் தம்பி. அந்த வரி வேண்டாம்னுதான் இருந்தோம்" என்றேன். "வேண்டாங்களா? ஃபைல்ல இருக்குதுங்களே" என்றான். "வேண்டாம்னு சொல்றனல்ல" என்று கத்தினேன். அவனிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவன் ஃபிலிமைச் சுருட்டி உறையில் போட்டுக் கொடுத்தான்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்ததும் நீ முதல் பத்திரிகையை எடுத்து நேராகக் கீழேதான் பார்த்தாய். "அம்மா, அத்தை பேரு எங்கீங்க?" நான் நடித்தேன். வாயில் கை வைத்து, "அய்யோ, ஃபான்ட் மாறிக் கடைசி வரி விழுந்துபோச்சாட்ட இருக்குதே கண்ணு" என்றேன். நீ கம்ப்யூட்டர் படித்தவன், எப்படி விழும் என்று உனக்கே புரிந்தது. திருப்பி அடிக்கலாமா என்றாய், நாள் இல்லை என்றேன். பேனாவில் எழுதலாமா என்றாய், கல்யாணப் பத்திரிகையில் அடித்துத் திருத்தி எழுதுவது நல்லதில்லை என்றேன். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாய், மாப்பிள்ளை அலையக் கூடாது, அழைக்கப் போவது நான்தான், நானே சொல்கிறேன் என்றேன். எல்லாக் கதவையும் நான்தான் சாத்தினேன். உன் பெரியப்பா, "என்னம்மா, கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிறவ ஊட்டுப் பத்திரிகையிலயே தப்பா?" என்று கேட்டபோது, நீ எனக்காக அவரிடம் சண்டைக்குப் போனாய். "மெஷின் பண்ணுனதுக்கு அம்மா என்னங்க பண்ணும்?" என்றாய். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஈரோட்டுக்குத் தாம்பாளத்தோடு போனேன். நங்கை (அண்ணியை நான் அப்படித்தானே கூப்பிடுவேன்) கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒன்றிரண்டு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "பையன் எம்பேரப் போடறான்" என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தார் போல. அவர் மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். கடைசிவரை வந்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடி முன்பக்கம் பார்த்தார். அப்போது நான் உன்னிடம் சொன்ன பொய்யையாவது அவரிடமும் சொல்லியிருக்கலாம். ஃபான்ட் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், கல்யாணத்துக்கும் வந்திருப்பார். அதைக்கூடச் சொல்லவில்லை. "நேரத்தோட வந்துருங்க நங்கை" என்று மட்டும் சொன்னேன். "ஆகட்டும் அம்மணி. எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றார். எனக்குக் காப்பி கொடுத்தார். பத்திரிகையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம், "சொல்லிட்டேன், அத்தை ஒண்ணும் நெனைக்கல" என்றேன்.

மண்டபத்தில் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகும் பார்த்தாய். போட்டோக்காரர் "மாப்பிள்ளை, இங்க பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஆல்பத்தை எடுத்துப் பார், பாதிப் படங்களில் உன் கண் வேறெங்கோ இருக்கும். அத்தை வரவில்லை. பிறகு தெரிந்தவர் கையில் உனக்கு ஒரு பட்டு வேட்டி கொடுத்தனுப்பினார். "மெஷின் பண்ணுன தப்புன்னு எடுத்துச் சொல்லியும் வராதவங்க, வேட்டி மட்டும் எதுக்குக் குடுத்து உடறாங்க?" என்று சொல்லி நீ அதைப் பிரிக்கவே இல்லை. விருந்துக்கும் அங்கே போகவில்லை. நீ அழுதது எனக்குத் தெரியும், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாய். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், இனி நீ என் பக்கம் வருவாய் என்று. நீ வரவில்லை. அங்கேயும் போகாமல் இங்கேயும் வராமல் மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டு போனாய். இப்போது அமெரிக்காவுக்கே போகிறாய்.

கவிதா போன் செய்ததற்கு மறுநாள் நான் ஈரோட்டுக்குப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். நங்கை மெலிந்துவிட்டார். பக்கத்தில் தறி ஓடுகிற சத்தத்தில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்துப் போனதைக் கத்திச் சொன்னேன். செந்தில் கேட்டது, நான் கத்தியது, உன்னிடம் சொன்ன பொய், அவரிடம் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

எதிரே பாயைப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, "அப்ப, அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. அவனே உக்காந்து அடிச்ச பேருங்க அது."

"நான் தாலியில்லாதவன்னு பொண்ணூட்டுக்காரங்க ஏதோ சொல்லி, அவனும் சரின்னு எம்பேர எடுத்துட்டான்னு நெனச்சுட்டேன் அம்மணி. வந்து நின்னா அவனுக்குச் சங்கடம்னுதான் வரல. இத்தன நாளா அதயேதான் நெனச்சுட்டுக் கெடந்தேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் கண்ணு. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். "அவன் எடுக்கல. எம்பையன் எடுக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் செய்த துரோகம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நான் அவர் எதிரே உட்கார்ந்திருப்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார். இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவங்கிட்ட இதைச் சொல்லிப்போடாத அம்மணி" என்றார். "சீமைக்குப் போற பையன். பெத்த தாய் மேல கோவத்தோட போகோணுமா? அங்க போய்த் தனியா உக்காந்துட்டு நெனச்சுட்டே இருப்பான். கல்யாணத்தன்னைக்கு எனக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல, அதான் வரலன்னு நானே சொல்லிக்கிறேன். நீ எதயும் சொல்லாத" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டார்.

எனக்கு அந்த இடத்திலும் பொறாமை வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உனக்கு எது நல்லது என்று எனக்கு முன்பாக அவருக்குத் தெரிகிறது, அதுவும் என்னால் அவ்வளவு பட்ட பிறகு, என்னைக் காப்பாற்றுவதற்கு அவர் ஒரு பொய்யைத் தயார் செய்கிறார். நான் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது, அவர் சொன்னபடியே விட்டுவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். எல்லோருக்கும் சுலபம். நீ போவாய், அவர் காய்ச்சல் என்பார், நீ நம்புவாய், நான் நல்லவளாகவே இருந்துவிடலாம். பெருமாநல்லூர் தாண்டும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் நீ கேட்பாய் அல்லவா, காய்ச்சல் என்றால் இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று? அவர் என்ன சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டு தன் மேல் தப்பு என்பார். நீயும் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டுப் போவாய். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. சத்தியத்தை மீறி இதை எழுதுகிறேன்.

நீ இப்போது வேலைக்குப் போகிற இடத்திலும் கம்ப்யூட்டர்தான். இரண்டாயிரம் பிறந்தால் தேதிக் கணக்கு குழம்பிவிடும், அதைச் சரிசெய்யத்தான் உங்களையெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய். ஒன்று மட்டும் சொல்கிறேன், புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்றாலும் சொல்கிறேன். மெஷின் மேல் பழி போடுவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் எல்லோரும் நம்புகிறார்கள். நீ எங்கே எதைச் சரிபார்த்தாலும், தப்பைப் பார்த்த அந்த நிமிஷத்தில் சரிசெய்துவிடு. தள்ளிப்போடாதே. நான் தள்ளிப்போட்டது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். 

என்னை மன்னித்துவிடு என்று எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். நீ மன்னிப்பாயா மாட்டாயா என்பது இப்போது முக்கியமில்லை, அதற்கு உனக்கு நிறைய நாள் இருக்கிறது. அத்தைக்கு இல்லை. மூச்சு வாங்குகிறது அவருக்கு, மாடிப்படி ஏறுவதில்லை, டாக்டரிடம் கேட்டால் வயது என்கிறாராம். நீ திரும்பி வரும்வரை அவர் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் லீவு சொல்லிவிட்டு, கவிதாவைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் போய் இறங்கு. அத்தை காய்ச்சல் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார், சொல்ல விடாதே. கவிதாவைக் கூடமாட ஒத்தாசை செய்யச் சொல்லிவிட்டு நீ அவர் பக்கத்தில் உட்கார். நான் அங்கே வரமாட்டேன், நான் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

அங்கிருந்து அப்படியே மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிடு. கோயமுத்தூர் வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினாலும் ஏறு கண்ணு, அத்தையைப் பார்க்காமல் ஏறாதே.